கால யந்திரத்துக்கு ஒரு மெட்டல் ஆல்பம்: இதுவரை நடந்தவை

எச். ஜி. வெல்ஸ் 1895-இல் எழுதிய கால யந்திரக் கதையைக் கருவாகக் கொண்டு, புதுச்சேரி லாசுப்பேட்டையில் என் மாடி அறையிலேயே உருவாக்கி வரும் புரோகிரசிவ் மெட்டல் (சிக்கலான தாளங்கள் கொண்ட மெட்டல் இசை) ஆல்பத்தில், பயணப் பகுதி ஒருவழியாகக் கேட்கும்படி அமைந்துவிட்டது. 802701-ஆம் ஆண்டில் நிகழும் பாடல்கள் எளிதில் பிடிபட்டன. தரைக்கு மேலே வாழும் மென்மையான எலோய்களுக்குத் தெளிந்த கிட்டாரும் நிலத்தடியில் வாழும் மோர்லாக்குகளுக்கு உறுமல் குரலும் யாருக்கும் தோன்றக்கூடியவைதான். என்னை அலைக்கழித்தது, யந்திரம் வேகமெடுக்கும் அந்தச் சில நிமிடங்களே.

கதையில் பகலும் இரவும் மாறிமாறி வரும் வேகம் கூடிக்கூடி, ஒரு கட்டத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்துவிடுகின்றன. செவிக்கும் இப்படியொரு இயல்பு உண்டு. தட்டல்கள் விநாடிக்கு ஏறத்தாழ இருபதைத் தாண்டியதும், அவை தனித்தனி அடிகளாக அல்லாமல் தொடர்ந்த ஒரு சுரமாகவே கேட்கத் தொடங்கும். ஏழு தந்திக் கிட்டாரின் தடித்த தந்தியை ‘ஏ’ சுரத்துக்கு இறக்கினால் அது விநாடிக்கு 55 முறை அதிர்கிறது. ஆகவே, ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பேஸ் டிரம்மின் ஓர் அடியை 18 மில்லிவிநாடிக்குள் அடங்குமாறு வெட்டி, விநாடிக்கு இரண்டு என்று தொடங்கி 55 வரை முடுக்கினேன். தாளம் சுரமாக மாறி முடிக்கும் இடத்தில் கிட்டார் அதே சுரத்தில் நுழைகிறது. அடியை வெட்டாமல் விட்டால் ஒன்றின் வால் அடுத்ததன் தலையில் ஏறி, வெறும் இரைச்சலே மிஞ்சும்.

இங்கே மின்சாரமும் குறுக்கிட்டது. நம் ஊர் மின்சாரத்தின் ரீங்காரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 அதிர்வுகள், என்பதால், அது 55-உடன் மோதி விநாடிக்கு ஐந்து முறை அலையடிக்கும். ரீங்காரத்தைத் தணிக்கும் ஹம்பக்கர் பிக்கப்புக்கு மாறி, சார்ஜரைக் கழற்றிவிட்டு மடிக்கணினியை பேட்டரியில் ஓட்டிய பிறகே அது அடங்கியது.

முடுக்கத்துக்கு முந்தைய பகுதியில் கிட்டார் ஏழு அட்சரம் (தாள எண்ணிக்கை) கொண்ட மிஸ்ர சாபுவிலும் டிரம்ஸ் எட்டு அட்சரத்திலும் செல்கின்றன. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வந்து மிருதங்கம் வாசிக்கப்போகும் தம்பி இதைக் கேட்டவுடன், “அண்ணா, 56-லதான் ரெண்டும் சமத்துல சேரும், அதுக்கு முன்னாடி தீர்மானம் வெச்சிடாதீங்க” என்றார். சமம் என்பது சுற்றின் முதல் அடி; தீர்மானம் என்பது பகுதியை முடித்துவைக்கும் தாளக்கோவை. அவர் சொன்னபடியே கிட்டாரின் எட்டாவது சுற்று முடியுமிடத்தில் முடுக்கத்தைத் தொடங்கினேன். அதுவரை கேட்பவர் சற்றுத் தடுமாறினாலும் எனக்குச் சம்மதமே.

இறுதிப் பாடல், மூன்று கோடி ஆண்டுகளுக்கு அப்பால், சிவந்து பெருத்த சூரியனுக்குக் கீழே அலையெழாத கடற்கரையில் நிகழ்கிறது. கடலூர் சில்வர் பீச்சில் பதிவு செய்த அலையோசை அதற்கு மிகவும் துடிப்பாக இருந்ததால், கால் வேகத்துக்குக் குறைத்து, இரண்டு ஸ்தாயி கீழே இறக்கியிருக்கிறேன். அடுத்தது மிருதங்கப் பதிவு. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் கும்காரம் என்ற ஆழ்ந்த ஒலி பேஸ் டிரம்மோடு குழம்பிவிடும் என்பதால், அது ஒலிக்கும் இடங்களில் பேஸ் டிரம்மை முழுவதுமாக நீக்கிவிட எண்ணியிருக்கிறேன்.