சிவப்பு ஆயில்

அக்டோபர் 9, வியாழன்

அப்பாவின் இதய வால்வு ஆபரேஷனுக்குத் தேதி சொல்ல வேண்டிய கோவை ஆஸ்பத்திரியிலிருந்து இன்றும் போன் வரவில்லை. காலையில் வண்டியைத் திருப்பும்போது ஸ்டியரிங் முனகியது. அருவங்காட்டுக் குளிரில் முதல் ஐந்து நிமிஷம் முனகுவது வழக்கம்தான், ஆனால் இன்று வெலிங்டன் போய்த் திரும்பும் வரை நிற்கவே இல்லை.

அக்டோபர் 10, வெள்ளி

வண்டிக்கு அடியில் சிவப்பாக எண்ணெய். விரலில் தொட்டுப் பார்த்தேன். இன்ஜின் ஆயில் என்றால் கறுத்திருக்கும், நம் வண்டிக் கூலன்ட் பச்சை. இது பவர் ஸ்டியரிங் ஆயில்தான். பானட்டைத் திறந்தால் டப்பாவில் கீழ்க் கோட்டுக்கும் கீழே இறங்கியிருக்கிறது. மூடியிலேயே டெக்ஸ்ரான் என்று அச்சிட்டிருப்பதால் அதையே வாங்கி ஊற்றினேன். முனகல் குறைந்தது. ஆயில் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும், அந்தச் சத்தம்தான் அது.

அப்பா கட்டிலில் இருந்தபடியே கேட்டார், "எந்தப் பக்கம் சொட்டுது கண்ணு?" டிரைவர் பக்கம் என்றேன். "நம்ம வாசல் சரிவு. சொட்டுற இடத்த நம்பாத."

அக்டோபர் 11, சனி

அவசரத்துக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். டார்ச் அடித்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரேக் போயிடுச்சு மேடம், முழுசா மாத்திரலாம்" என்றார்கள். ஸ்டியரிங் திருப்புவதை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற பாகம்தான் ரேக். செகண்ட் ஹேண்ட் ரேக்கே 18,000 ரூபாயாம், கூலி தனி. துடைத்துக்கூடப் பார்க்கவில்லை! அடிப்பக்கம் முழுக்க எண்ணெயும் சேறும் அப்பிக் கிடக்கும்போது எது கசிகிறது என்று நின்ற இடத்திலிருந்து எப்படிச் சொல்ல முடியும்? வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் கோபம்.

ராத்திரி தூக்கமில்லை. ஆயில் முழுசாக வடிந்தாலும் ஸ்டியரிங் கழன்றுவிடாது, சக்கரத்தோடு இருக்கிற இணைப்பு அப்படியேதான் இருக்கும், உதவி மட்டும் போய்விடும், அது எனக்குத் தெரியும். நேர் ரோட்டில் வேகமாகப் போகும்போது அது பெரிதாகத் தெரியவும் தெரியாது. ஆனால் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவு, எதிரே பஸ் ஏறும்போது ஒதுங்கி நின்று, மறுபடி நடை வேகத்தில் முழுசாக ஒடித்துத் திரும்பணும், அந்த இடத்தில் கை கனத்தால் என்ன செய்வது? பக்கத்தில் அப்பா. பம்ப் காய்ந்து ஓடினால் பம்பும் போகும். அந்த ஆயில் சூடான சைலன்சர் குழாயில் பட்டால் புகையும், தீ கூடப் பிடிக்கலாம். இதையே சுற்றிச் சுற்றி நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அப்பா பக்கத்து அறையில் இருமினார். அப்புறம் இருமல் சத்தம் நின்றுவிட்டது, எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

மழை. வண்டியை எடுக்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

அப்பாவின் பழைய மெக்கானிக் அண்ணனைப் பிடித்துவிட்டேன். இப்போது குன்னூரில் மகன் கடையில் உட்கார்ந்திருக்கிறார், கண்ணாடி போட்டிருக்கிறார், கை அதே கை. வண்டியைப் பார்த்ததும் முதலில் அப்பாவைத்தான் விசாரித்தார்.

கடைக்கு முன்னால் சமமான இடத்தில் நிறுத்தச் சொன்னார். டீசலும் பிரஷ்ஷும் வைத்து அடிப்பக்கத்தைக் கழுவி, ஏர் அடித்து, பனியன் வேஸ்ட்டால் ஒவ்வொரு குழாயாகத் துடைத்தார். பாதிக் காலை அதிலேயே போனது. பிறகு முகப் பவுடரைக் கையில் கொட்டி, பம்ப், குழாய்கள், ரேக் எல்லாவற்றின் மேலும் ஊதினார். எல்லாம் வெள்ளை வெளேரென்று ஆனது.

"ஸ்டார்ட் பண்ணி, மெதுவா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி ஒடிங்கக்கா. கடைசில போய் அழுத்திப் பிடிக்காதீங்க, ரெண்டு மூணு செகண்டுல விட்ருங்க." முழுசாக ஒடித்து அழுத்தும்போதுதான் பம்பில் பிரஷர் உச்சத்துக்குப் போகும். அவர் கையை உள்ளே விடவில்லை. அட்டைத் துண்டு ஒன்றை நீட்டிக்கொண்டு பார்த்தார். அந்த பிரஷரில் ஊசித் துளை வழியாக வரும் ஆயில் தோலையே துளைத்து உள்ளே போய்விடுமாம்.

அப்புறம் என்னை இறங்கி வந்து பார்க்கச் சொன்னார். பம்பிலிருந்து ரேக்குக்குப் போகிற பிரஷர் ஹோஸ், அதில் ரப்பரும் இரும்புக் குழாயும் சேருகிற இடத்தில் ஒரு நெளித்த பூண். அந்தப் பூணுக்குக் கீழே மட்டும் பவுடர் நனைந்து ரோஸ் நிறமாகியிருந்தது. அங்கிருந்து மெல்லிசாக ஒரு கோடு, குழாயைப் பிடித்துக்கொண்டே வளைந்து இறங்கி, ரேக் மேல் ஏறி, ரேக்கின் ஓரத்தில் சொட்டாகத் தொங்கியது. ரேக்கிலிருந்து கசிகிற மாதிரியேதான் தெரியும், கழுவாமல் பார்த்தால்.

எனக்கு அதுவும் போதவில்லை. ரேக் நல்லா இருக்கிறது என்று கண்ணால் பார்க்கணும் என்றேன். சலிக்காமல் இரண்டு பக்கமும் ரேக் கோடியில் இருக்கிற ரப்பர் பெல்லோஸின் கிளாம்பைக் கழற்றி, ரப்பரை விலக்கி விரலை விட்டுக் காட்டினார். பழைய கிரீஸ், அவ்வளவுதான். உள்சீல் போயிருந்தால் அந்த ரப்பருக்குள் ஆயில் தேங்கி நிற்கும்.

ரேக் நன்றாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது குரல் கம்மிவிட்டது.

அக்டோபர் 14, செவ்வாய்

போன் இல்லை. நானே கூப்பிட்டேன், "கூப்பிடுவோம்" என்றார்கள்.

அக்டோபர் 15, புதன்

அந்த ஹோஸ் ஒரிஜினலாக எங்கேயும் இல்லை. 2003 மாடலுக்கு யார் வைத்திருப்பார்கள். அண்ணன் சொன்ன வழி: இரண்டு முனை இரும்பையும் வைத்துக்கொண்டு, நடுவில் ரப்பரை மட்டும் புதிதாகப் போட்டு மெஷினில் பூண் நெரிப்பது. ஜேசிபிக்கும் டிராக்டருக்கும் ஹோஸ் அடிக்கிற கடைகள் கோவையில் இருக்கின்றன. பவர் ஸ்டியரிங் என்று சொல்லி, பிரஷரையும் சூட்டையும் தாங்கும் ரப்பராகக் கேட்டு வாங்கணும், தண்ணி ஹோஸ் கிளாம்ப் போட்டு ஒப்பேற்றினால் ஒரே நாளில் பிய்த்துக்கொள்ளும். சித்தி மகன் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். திங்கள் தீபாவளி, சனிக்கிழமையே கடைக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். பயமாக இருக்கிறது.

கசிவை நிறுத்தும் மருந்து என்று ஒரு பாட்டிலைத் தலையில் கட்டப் பார்த்தார் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர். அது காய்ந்துபோன சீலை ஊறவைத்துக் கொஞ்சம் பெருக்கும். வெடித்த ஹோஸை அது என்ன செய்யும்?

டாக்ஸி சொல்லிக்கலாமே என்கிறார் சித்தி. சொல்லலாம்தான். அப்பாவுக்கு வேறு யார் ஓட்டினாலும் பர்லியார் தாண்டுவதற்குள் வாந்தி வந்துவிடும். அதுவும் ஒரு நாள் விஷயமா இது? வால்வு மாற்றியபின் ரத்தம் உறைகிற அளவைப் பார்க்க ஐ.என்.ஆர். டெஸ்ட், செக்கப் என்று எத்தனை தரம் இறங்கி ஏறணும். அந்த முன்சீட்டைச் சாய்த்து, பக்கத்தில் நான் ஓட்டணும். எனக்கு இந்த வண்டி வேணும்.

அக்டோபர் 16, வியாழன்

இரவு 2 மணி. தலையணையை அடுக்கி உட்கார்ந்தே தூங்குகிறார். படுத்தால் மூச்சு முட்டுகிறது.

அக்டோபர் 17, வெள்ளி

ஹோஸ் வந்துவிட்டது! இரவு பஸ்ஸில் வந்து இறங்கி நேராகக் கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான், நல்ல பிள்ளை.

மாட்டுவது சுலபம், இடம்தான் இல்லை. அண்ணனின் மகன் கை மட்டும் தெரிய ஒரு மணி நேரம் குனிந்திருந்தான். பம்ப் முனையில் பழைய செம்பு வாஷர்கள் நசுங்கித் தகடாகியிருந்தன, அதைத் திரும்பப் போட விடவில்லை அண்ணன், புதுசுதான். ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றிப் பழைய ஆயிலை வடித்தபோது அது காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இறங்கியது.

காற்று எடுப்பதில்தான் பொறுமை வேணும். முன்சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, இன்ஜினை ஆஃப் பண்ணி வைத்து, ஸ்டியரிங்கைக் கோடிக்குக் கோடி மெதுவாகத் திருப்பினேன். டப்பாவில் குமிழ் குமிழாக வந்துகொண்டே இருந்தது. இறங்க இறங்க ஊற்றினார். குமிழ் நின்ற பிறகுதான் ஸ்டார்ட். அப்போதும் லேசாக நுரை. "நுரைன்னா உள்ள காத்து இருக்குன்னு அர்த்தம், ஆஃப் பண்ணுங்க, டீ குடிச்சிட்டு வரலாம்." டீ குடித்துவிட்டு வந்து மறுபடி. கடைசியில் நுரையில்லாமல் செக்கச்செவேலென்று நின்றது. சத்தமே இல்லை.

அக்டோபர் 18, சனி

பர்லியார் வரை இறங்கி ஏறினேன், தனியாக. ஒவ்வொரு வளைவிலும் காது அங்கேயே இருந்தது. காட்டேரி ஏற்றத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் ஊர்ந்து, நின்று, ஒடித்துத் திருப்பினேன், ஸ்டியரிங் ஒரு விரலுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து வெள்ளை டிஷ்யூவைப் பூணைச் சுற்றித் துடைத்துப் பார்த்தேன். சுத்தம். டப்பாவில் ஆயில், சூடாக இருக்கும்போது நிற்க வேண்டிய கோட்டில் சரியாக நிற்கிறது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அப்பா ஒரு அதிரசத்தில் பாதி சாப்பிட்டார்.

அக்டோபர் 22, புதன்

போன் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அட்மிஷன், காலை 9 மணிக்குள் இருக்கணும். பி நெகட்டிவ் ரத்தத்துக்கு ஆள் பார்த்து வைக்கச் சொன்னார்கள். கோவையில், இல்லை மேட்டுப்பாளையம் பக்கம் யாராவது இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள்.