வலைக்கொட்டகைப் பூவரசு

2024 ஜூன் 16
ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர், தென்கடற்கரை. தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று மணலை வாரி இறைக்கிறது. வலை கட்டுகிறவர்கள் ஒதுங்கக் கொட்டகையை ஒட்டி ஒரே ஒரு பழைய பூவரசுதான் நிற்கிறது. இன்னும் சில மரங்கள் வைக்கலாம் என்று பேச்செடுத்ததும், மயில்கொன்றை வைப்போம் என்றார்கள் சிலர். பூத்தால் அழகுதான், மறுக்க முடியாது. ஆனால் மடகாஸ்கரிலிருந்து வந்த அந்த மரத்துக்கு வேர் மேலாக ஓடும், கிளை சடசடவென்று முறியும். புயல் வரும் கரையில், ஆட்கள் உட்காரும் இடத்தில் அதை நட மனம் வரவில்லை. பூவரசுக்கு உப்புக்காற்றும் மணலும் பிறந்த வீடு.

2024 ஜூன் 23
"ஒரு போத்தை வெட்டி ஊனுனாப் போதுமே தம்பி, விதை எதுக்கு?" என்றார் கொட்டகைப் பெரியவர். போத்து, அதாவது வெட்டி ஊன்றும் கிளை, சீக்கிரம் தழைக்கும் என்பது உண்மை. ஆனால் தடித்த போத்தில் வெட்டுவாய் வழியே அழுகல் இறங்கி, வளர்ந்த மரம் உள்ளே பொந்தாகிவிடுவதுண்டு. பல தலைமுறை நிற்க வேண்டிய மரத்துக்கு விதைதான் சரி என்பேன். பூவரசங்காய் காய்ந்தாலும் தானாக வெடிக்காது. தட்டி உடைத்து, பழுப்பு மயிர் மூடிய விதைகளை எடுத்து, உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாகத் தேய்த்து, இரவு முழுக்க நல்ல தண்ணீரில் ஊறப் போட்டேன். கடல்நீரில் மாதக்கணக்கில் மிதந்து போய் இன்னொரு கரையில் முளைக்கிற விதை இது. தோல் அவ்வளவு கெட்டி.

2024 ஜூலை 9
பைகளில் முளை எட்டிப் பார்க்கிறது.

2024 அக்டோபர் 20
மழை தொடங்கியதும் நட்டோம். வெறும் மணலில் ஈரம் நிற்காது. அதனால் இரண்டடிக் குழியில் கண்மாய் வண்டலும் மக்கிய சாணமும் கலந்து போட்டோம். சுற்றிலும் சீமைக்கருவேல முள் அடைப்பு. ஆட்டுக்குப் பூவரசந்தழை என்றால் உயிர். அடைப்பு இல்லாவிட்டால் ஒரு காலைப்பொழுதில் கன்று மொட்டையாகிவிடும்.

2024 நவம்பர் 21
நேற்று ஒரே நாளில் ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. இங்கும் குழிகள் தெரியாத அளவுக்குத் தண்ணீர். கன்றுகள் அசையவில்லை. இப்படிக் கொட்டும் மழைதான் மண்ணில் சேர்ந்த உப்பைக் கீழே அலசித் தள்ளும். எனக்கு இது நல்ல செய்தி.

2025 மார்ச் 16
கஷ்டமான மாதங்கள் இனிதான். மணலில் தோண்டும் ஊற்றில் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மெல்லிய அடுக்காகத்தான் நிற்கும். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு மேலேறிவிடும். கொட்டாங்கச்சியால் மேலாக மொண்டு, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுகிறேன். கடலைப் பார்த்த பக்கம் இலையோரம் கருகியிருக்கிறது. அந்தப் பக்கம் பனையோலைத் தட்டி வைத்து, இலைகளையும் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டேன். தூரைச் சுற்றிக் காய்ந்த ஓலை மூடாக்கு.

2025 ஜூன் 8
பழைய மரம் பூத்துக் கிடக்கிறது. காலையில் இளமஞ்சள், உள்ளே கருஞ்சிவப்புப் பொட்டு. பொழுது சாயச் சாயப் பூ சிவந்து வதங்கி உதிர்கிறது. உதிர்ந்த காய்களில் சிவப்புப் பூச்சி மொய்க்கிறது. பருத்திக்காயைக் கறைப்படுத்தும் அதே பூச்சி. மரத்துக்குப் பெரிய தீங்கில்லை என்பதால் மருந்து அடிக்க விடமாட்டேன். ஆனால் கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் பருத்திக் காட்டு வரப்பில் வைக்கக் கன்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

2025 ஆகஸ்ட் 17
கச்சான் தள்ளித் தள்ளிக் கன்றுகள் வடகிழக்கே சாய்கின்றன. மூங்கில் ஊன்றி, பழைய வலைத்துண்டால் தளர்வாகக் கட்டினேன். இறுக்கினால் தண்டு தடிக்காது. பக்கக்கிளைகளை இப்போதே கழிக்கச் சொல்கிறார்கள். தலைக்கு மேல் நிழல் வேண்டும் என்ற அவர்கள் அவசரம் நியாயம்தான். ஆனாலும் அடிக்கிளைகள் இருந்தால்தான் தூர் பருக்கும். அடுத்த மழைக்குப் பிறகு கீழிருந்து ஒவ்வொன்றாக எடுக்கலாம் என்று பேசி முடித்தோம். வடகரையிலிருந்து ஓர் அக்கா காய் கேட்டிருக்கிறார். பூச்சி துளைக்காததாகப் பொறுக்கி, உப்புத்தாள் துண்டும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன்.