பெண் மீனுக்கு ஆண் துடுப்பு

கொசுப்புழுவைத் தின்ன கிணற்றிலும் தொட்டியிலும் விடுவார்களே, கம்பூசியா, அதை எங்கள் வீட்டுத் தொட்டியில் வளர்க்கிறேன். பெண் பெரிது, சினையானால் வயிற்றோரம் கறுப்பாகத் தெரியும். ஆணின் அடித்துடுப்பு குச்சி மாதிரி நீண்டிருக்கும், அதுதான் இனச்சேர்க்கை உறுப்பு. பார்த்ததும் சொல்லிவிடலாம்.

அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் எலெவன்மைல் ஓடையில் அப்படிச் சொல்ல முடியவில்லை. காகிதக்கூழ் ஆலைக் கழிவுநீர் கலந்த பகுதியில் பெண் மீன்களுக்கும் அந்தக் குச்சித் துடுப்பு வளர்ந்திருந்தது. 1980-இல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. மரத்தில் இயல்பாக இருக்கும் ஸ்டீரால் என்ற கொழுப்பு வகைப் பொருள்களை பாக்டீரியா ஆண் ஹார்மோன் போன்ற பொருளாக மாற்றுகிறது என்பது ஒரு விளக்கம். கூழை வெளுக்கப் பயன்படும் குளோரினை மட்டும் குற்றம் சொல்லிப் பழகிய எனக்கு இது பெரிய அதிர்ச்சி.

அப்புறம் கனடாவில், சுப்பீரியர் ஏரியின் ஜாக்ஃபிஷ் விரிகுடா. அங்கேயும் கூழ் ஆலைக் கழிவுநீர் கலந்தது; வெள்ளை சக்கர் என்ற மீன்கள் தாமதமாகப் பருவமடைந்தன. சினைப்பை சிறுத்தது, ஈரல் வீங்கியது, பாலியல் ஹார்மோன்கள் குறைந்தன. 1989-இல் கழிவுநீரை நுண்ணுயிரிகளால் சுத்தப்படுத்தும் இரண்டாம் கட்டச் சுத்திகரிப்பு ஆலைக்கு வந்த பிறகும் பாதிப்பு முழுசாகப் போகவில்லை. செத்து மிதக்காத மீனை யார் கவனிப்பார்கள்? கனடா கவனித்தது: 1992 விதிகளின்படி கூழ் ஆலைகள் தங்கள் கழிவுநீர் சேரும் இடத்து மீன்களின் சினைப்பையையும் ஈரலையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று.