கட்டைவிரல் நகத்தில் தேங்கிய தண்ணீர்

போன வருஷம் ஆடி மாதம். ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டுக் கையைத் துடைக்கப் போனபோதுதான் கவனித்தேன். வலது கட்டைவிரல் நகத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வழியாமல் அப்படியே நின்றது. கையை லேசாக ஆட்டிப் பார்த்தேன், அப்போதும் ஓடவில்லை. விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தால் நகத்தின் நடுப்பகுதி பள்ளமாகி, ஓரங்கள் மேலே தூக்கிக்கொண்டு, சின்னக் கரண்டி மாதிரி இருந்தது.

அதற்கு ஐந்தாறு மாதம் முன்பிருந்தே நகத்தில் தொந்தரவுதான். பூண்டு உரிக்க முடியாது, நுனி வளைந்து பிய்ந்துவிடும். சேலைத் தலைப்பை இழுத்தால் நூலில் மாட்டிக்கொள்ளும். பார்க்க நன்றாக இல்லை என்று எப்போதும் நெயில் பாலிஷ் போட்டே வைத்திருந்தேன். பியூட்டி பார்லரில் இருந்த பெண் "கால்சியம் குறைச்சல்க்கா" என்றாள். மருந்துக் கடையில் கால்சியம் மாத்திரையும், எதற்கும் இருக்கட்டும் என்று பூஞ்சைக்கு ஒரு களிம்பும் கொடுத்தார்கள். நான்கு மாதம் இரண்டையும் விடாமல் போட்டேன். நகத்தை நகமாகவே பார்த்துக்கொண்டிருந்ததில் அந்த நான்கு மாதம் வீணாகப் போனது.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, மதியம் மூன்று மணிக்கே கை கால் ஓய்ந்துவிடுவது, சீப்பில் கொத்தாக வரும் முடி எல்லாவற்றையும் "நாற்பத்து மூன்று வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று நானே முடிவுகட்டியிருந்தேன்.

தண்ணீர் நின்றதைப் பார்த்த மறுவாரம் எங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரம்மா முதலில் சொன்னது, "பாலிஷை எடுத்துட்டு வாங்கம்மா." மறுநாள் வெறும் நகத்தோடு போனேன். பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். நகத்தை அழுத்திவிட்டு நிறம் திரும்புவதைப் பார்த்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், வாயோரம் இருந்த வெடிப்பைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

"பச்சரிசி மெல்லுறீங்களாம்மா?"

நான் மெல்கிறேன் என்பது வீட்டில் யாருக்குமே தெரியாது. ஒரு வருஷமாக, அரிசி களையும் போதெல்லாம் ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்வேன். சின்ன வயதில் அம்மா திட்டியது நினைவுக்கு வரும், இருந்தும் விட முடியாது. இரும்புச்சத்து குறையும்போது இப்படி அரிசி, மண், சாம்பல், ஐஸ்கட்டி என்று ஏதாவது ஒன்றின் மேல் ஆசை வரும் என்றார். கெட்ட பழக்கம் என்று வெட்கப்பட்டு மறைத்து வைத்திருந்தது, உடம்பு சொன்ன இன்னொரு அறிகுறி.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.4. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. சிவப்பணுக்கள் அளவில் சிறுத்து, நிறம் வெளுத்திருந்தன. ஃபெரிட்டின் பரிசோதனையை மட்டும் வெளியில் எடுத்தோம். உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அளவை அது சொல்லும். எனக்கு 5. "கஜானா காலி" என்றார் டாக்டர். பரம்பரையாக வரும் தலசீமியா என்ற ரத்தக் குறைபாட்டின் கூறு இருந்தாலும் சிவப்பணு சிறிதாகத்தான் தெரியும். அதில் இரும்பு குறைந்திருக்காது, அதனால்தான் ஃபெரிட்டின் அவசியம் என்று விளக்கினார். காரணம் தெரியாமல் வருஷக்கணக்கில் இரும்பு மாத்திரை சாப்பிடுவது நல்லதில்லை.

அந்தக் காரணத்தைத் தேடுவதுதான் பெரிய வேலையாக இருந்தது. மாதவிலக்கு எப்படி என்று கேட்டபோது "எப்பவும் போலத்தான்" என்றேன். அவர் விடவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின்? கட்டி கட்டியாகப் போகிறதா? ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா? எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும்போதுதான், இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று மாற்றுவது "எப்பவும் போல" இல்லை என்று எனக்கே புரிந்தது. ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஒரு நார்க்கட்டி. சிறியதுதான், ஆபரேஷன் வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்போம் என்றார்கள். அந்த நாட்களில் மட்டும் போக்கைக் குறைக்க மாத்திரை. கூடவே குடற்புழுவுக்கு ஒரு அல்பெண்டசோல்.

இரும்பு மாத்திரை ஒழுங்காகப் போகவில்லை. பத்தாவது நாளே மலச்சிக்கல், வயிற்றுப் புரட்டல். மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்துப் பயந்து நானாகவே நிறுத்திவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் போனால் ஹீமோகுளோபின் அசையவே இல்லை. டாக்டரம்மா கோபப்படவில்லை. கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம் என்றார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொன்னார், அப்படிப் போட்டாலும் உடம்பு இரும்பை நன்றாக எடுத்துக்கொள்ளுமாம். அப்புறம், "மாத்திரையை எதோட சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். காலை டீயோடு. டீயும் காபியும் இரும்பைச் சேர விடாது, கால்சியம் மாத்திரையும் அப்படித்தான். பார்லர் பேச்சைக் கேட்டுப் போட்ட கால்சியத்தை நான் அப்போதும் நிறுத்தியிருக்கவில்லை!

அன்றிலிருந்து, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, அரை எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரோடு மாத்திரை. டீயைச் சாப்பாட்டை விட்டு இரண்டு மணி நேரம் தள்ளிவைத்தேன், இதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, வாரம் ஒருநாள் ஆட்டு ஈரல். ஆனால் 7.4ல் இருக்கும்போது கீரையை மட்டும் நம்பினால் தேறாது, மாத்திரை வேண்டும். வீட்டில் அத்தை "பேரீச்சம்பழம் தின்னா சரியாப் போயிரும்" என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தார். அதையும் சாப்பிட்டேன், மாத்திரையை விடவில்லை.

ஒரு மாதத்தில் 9.2. அரிசி ஆசை அதற்கும் முன்னாலேயே, இரண்டாவது வாரத்தில், எந்த நாள் என்று சொல்ல முடியாதபடி போய்விட்டது. மூன்று மாதத்தில் 12.1.

நகம் மட்டும் நிதானமாகத்தான் வந்தது. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும், முழுதாக மாற ஆறு மாதமாகும். ஏற்கெனவே குழிந்த பகுதி நேராகாது, அடியிலிருந்து புது நகம் அதைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். இரண்டாவது மாதம் பிறைக்கு மேலே இளஞ்சிவப்பாக, மேடாக ஒரு துண்டு தெரிந்தது. அதற்கும் பழைய பள்ளத்துக்கும் நடுவில் ஒரு வரம்பு. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை அந்த வரம்பு எங்கே வந்திருக்கிறது என்று பார்ப்பேன். தை மாதம் கடைசிப் பள்ளத்தை நகவெட்டியால் வெட்டிப் போட்டேன்.

இந்த நாட்களில் டாக்டரிடம் நகம் பற்றி நிறையக் கேட்டேன். நகத்தில் வரும் வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் எங்கோ இடித்துக்கொண்டதன் அடையாளம்தான், கால்சியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெரிய காய்ச்சலோ கடுமையான நோயோ வந்து போனால் சில வாரம் கழித்து எல்லா நகத்திலும் குறுக்காக ஒரு பள்ளக்கோடு விழும். 1846ல் போ என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதி வைத்ததால் அது அவர் பெயரிலேயே இருக்கிறது. இரண்டு கை நகங்களையும் முதுகோடு முதுகாகச் சேர்த்தால் நடுவில் சின்ன வைர வடிவ இடைவெளி தெரிய வேண்டும். அது அடைபட்டு விரல்நுனி உருண்டிருந்தால் நுரையீரலையோ இதயத்தையோ பார்க்க வேண்டும். நம்மைப் போல் மாநிறமும் கறுப்புமாக இருப்பவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய கறுப்புக் கோடுகள் இருப்பது சகஜம். ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போனாலோ, கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலில் பரவினாலோ உடனே காட்டிவிட வேண்டும், புற்றுநோயாகவும் இருக்கலாம். என்னுடையதைப் போன்ற குழிநகம்கூட எல்லாருக்கும் சோகை என்று ஆகாது. குழந்தைகளுக்குத் தானாக வந்து சரியாகும், சோப்புத் தண்ணீரிலேயே வேலை செய்பவர்களுக்கும் வரும். ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. இதைப் படித்த அன்றைக்கு, பிளஸ் ஒன் படிக்கும் என் மகளின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். நகம் மேடாகத்தான் இருந்தது, ஆனால் வெளுப்பு. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல இரும்புச்சத்து மாத்திரையை என்ன செய்கிறாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து காட்டினாள். பதினொன்று இருந்தன. அவளுக்கும் வயிறு புரட்டியிருக்கிறது, சொல்ல வெட்கம்.

அவளுக்கு ஹீமோகுளோபின் 10.3. எனக்கு ஃபெரிட்டின் 34க்கு வந்திருக்கிறது, இன்னும் இரண்டு மாதம் தொடரச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரே எலுமிச்சம்பழத்தை ஆளுக்குப் பாதியாகப் பிழிந்து இருவரும் சேர்ந்து குடிக்கிறோம்.