கப்ளருக்குள் களிம்பு

நவம்பர் 19, 2024
சிக்கல் ஊரைத் தாண்டியதும் காரின் இடது ஹெட்லைட் மங்கிவிட்டது. பாப்பா பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை.

நவம்பர் 20
பல்பில் கோளாறு இல்லை. விளக்கை எரியவிட்டு மீட்டர் வைத்தேன். பேட்டரியில் 12.3 வோல்ட், பல்பில் 10.4. ஒயரைப் பல்போடு இணைக்கும் கப்ளரைக் கழற்றினால், உள்ளே இருக்கும் உலோகப் பின் முழுக்கப் பச்சைக் களிம்பு. போன வருஷம் பல்பு மாற்றியவர் ரப்பர் சீலைத் திரும்பப் போடவே இல்லை. நாகப்பட்டினத்து உப்புக் காற்றுக்கு அந்த ஓட்டை போதும். கோபம் இன்னும் அடங்கவில்லை.

நவம்பர் 21
பாப்பாவின் பிரசவத்துக்கு டாக்டர் டிசம்பர் 4 என்கிறார். முன்னாலும் ஆகலாமாம்.

நவம்பர் 22
பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பிறகு கழுவித் துடைக்கலாம். பின்னுக்குள் தங்கும் புளிப்பை எப்படி எடுப்பது? அதுவே மறுபடி அரிக்கும். காண்டாக்ட் கிளீனர் அடித்து, சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டேன். அப்புறம் புது சீல், மெல்லிசாகச் சிலிக்கான் கிரீஸ். இந்தக் கிரீஸில் கரண்ட் பாயாது. ஆனால் பின் இறுக்கமாக நுழையும்போது தொடுகிற இடத்தில் அது விலகிக்கொள்ளும். சுற்றிலும் நிற்பது ஈரத்தைத் தடுக்கும். பின் தளர்ந்திருந்தால் எந்தக் கிரீஸும் உதவாது.

ஒயரைச் சீவிப் பார்த்தபோதுதான் பயம் வந்தது. உள்ளே செம்பு கறுத்திருந்தது. திரியில் எண்ணெய் ஏறுவதுபோல இழைகளுக்குள் தண்ணீர் ஏறியிருக்கிறது. பளபளப்பு தெரியும்வரை இரண்டு அங்குலம் வெட்டி எறிந்தேன். புது ஒயர் சேர்த்து, உள்ளே பசை உள்ள ஸ்லீவைச் சூடுகாட்டிச் சுருக்கினேன். இருட்டிவிட்டது. பாப்பா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். "இன்னும் முடியலையாப்பா?"

நவம்பர் 24
ஒயரைக் கப்ளருக்குக் கீழே வளைவாகத் தொங்கவிட்டுக் கட்டினேன். வழிந்து வரும் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், கப்ளருக்குள் போகாது. மாப்பிள்ளைக்கு இன்னும் லீவு கிடைக்கவில்லை.

நவம்பர் 26
மழை. மழை. இரவு 2 மணிக்குக் குடையோடு போய் ஒரு தடவை ஸ்டார்ட் செய்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 27
இன்ஜின் சுற்றுவதைக் கணிக்கும் கிராங்க் சென்சாரின் கப்ளர் நினைவாகவே இருக்கிறது. அது இன்ஜினுக்கு அடியில், தண்ணீர் தெறிக்கும் இடத்தில் இருக்கிறது. ஹெட்லைட் போனால் ஒற்றை விளக்கில் திருவாரூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். சென்சார் போனால் நடுவழியில் வண்டி நின்றுவிடும்.

நவம்பர் 28
மழை விட்ட நேரத்தில் ஜாக்கி போட்டு, கட்டை வைத்து, அடியில் படுத்துத் திறந்தேன். உள்ளே சுத்தமாகக் காய்ந்திருந்தது. சீல் நன்றாக இருக்கிறது. எதையும் பூசாமல் மூடிவிட்டேன். இன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நவம்பர் 30
புயல் புதுச்சேரிப் பக்கம் போகிறதாம். பாப்பாவுக்கு மாலையிலிருந்து இடுப்பு வலி. சூட்டு வலிதான் என்கிறாள் அவள் அம்மா. பின்விளக்குக் கப்ளர்களை இன்னும் திறந்து பார்க்கவில்லை.

டிசம்பர் 1, விடியற்காலை 3.10
செல்ப் ஒரே சுற்றில் எடுத்தது. சுவரில் இரண்டு வெளிச்சமும் ஒரே மாதிரி விழுகிறது. பை டிக்கியில் இருக்கிறது. வருகிறார்கள், கேட்டைத் திறக்க வேண்டும்.