சுவரில் பென்சில் கோடுகள்

மார்ச் 6
முழங்கால் வரை மாவுக்கட்டு. ஆறு வாரம். கேமராவை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடச் சொன்னேன், கண்ணில் படாமல் இருக்கட்டும்.

மார்ச் 7
நாள் முழுக்கப் போனில் மற்றவர்களின் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பனிமூட்டம், தனி மரம், சிவப்புக் குடை. இருநூறு படமாவது சேமித்திருப்பேன். இரவு திரும்பப் பார்த்தால் எல்லாம் ஒரே ஆள் எடுத்தது போல இருந்தன. போன வருடம் நான் எடுத்தவையும் அந்தக் கூட்டத்தில் சரியாகப் பொருந்தும்.

மார்ச் 9
மாலை 4:10. எதிர்ச்சுவரில் வெயில் சாய்ந்த கட்டமாக விழுந்தது. பதினொரு நிமிடம் இருந்தது. இத்தனை வருடத்தில் இதை நான் பார்த்ததே இல்லை. அந்த நேரத்தில்தானே நல்ல வெளிச்சம் தேடி வெளியே அலைவேன்! கேமராவைக் கேட்டேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் எடுத்துத் தந்தாள். அந்தப் பார்வைதான் தாங்கவில்லை.

முதல் பத்துப் படமும் பாழ். அறையின் இருட்டைப் பார்த்து கேமராவின் ஒளி மீட்டர் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, கூட்டிவிட, கட்டம் வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது. இரண்டு ஸ்டாப், அதாவது கால் பங்காக, குறைத்த பிறகுதான் சுவர்ப் பூச்சின் தடமும் பழைய ஆணித் துளையும் வந்தன. அறை கறுத்துவிட்டது. ஆகட்டும்.

மார்ச் 10
அதே 4:10. நேற்று கட்டத்தின் ஓரத்துக்குள் இருந்த ஆணித் துளை இன்று வெளியே! ஒரு விரல் அகலம் வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது. மார்ச்சில் சூரியனின் பாதை நாளுக்கு நாள் வேகமாக மாறும், ஜூனில் கிட்டத்தட்ட நின்றுவிடும். கால் ஜூனில் உடைந்திருந்தால் கவனித்தே இருக்கமாட்டேன்.

அக்கா பென்சிலால் கோடு போட்டுத் தேதியும் எழுதினாள்.

மார்ச் 11
50 எம்எம் லென்ஸ், எஃப் 8 துவாரம், கட்டிலில் இதே இடம், 4:10. எதையும் மாற்றுவதில்லை.

மார்ச் 12
மேகம். வெயில் இல்லாத சுவரை எடுக்கலாமா, விடலாமா? எடுத்தேன். உடனே ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே சுவர் என்பது ஒரு யோசனையா, இல்லை யோசிக்காமல் இருக்க ஒரு வழியா? செக் புகைப்படக்காரர் ஜோசஃப் சூடெக் நினைவுக்கு வந்தார். முதலாம் உலகப் போரில் வலது கையை இழந்தவர். 1940 முதல் 1954 வரை பிராகாவில் தன் ஸ்டுடியோ ஜன்னலையே திரும்பத் திரும்ப எடுத்தார், கண்ணாடியில் ஈரம், உறைபனி, வழியும் துளிகள் என்று. அவரை யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை. ஆனால் அவருக்கு வெளியே ஒரு வளைந்த மரமாவது இருந்தது. எனக்கு ஆணித் துளை.

தூக்கம் வரவில்லை.

மார்ச் 14
கட்டத்தின் ஓரத்திலிருந்து வலப்பக்கத்து நாற்காலியின் கைப்பிடி வரை அக்காவை அளக்கச் சொன்னேன். பதின்மூன்று விரல்.

மார்ச் 15
"அவ்வளவு அவசரம்னா நாற்காலியை இழுத்து வெயில்ல போட்டுடறேன்" என்றாள். கத்திவிட்டேன். அவளும் அழுதாள்.

மார்ச் 16
கோடு. படம். பேச்சில்லை.

மார்ச் 19
பதினொரு நிமிடத்தையும் ஒரே படத்தில் பிடிக்கப் பார்த்தேன். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர், இன்னும் சிறிய துவாரமான எஃப் 16. கட்டத்தின் ஓரங்கள் கரைந்து மசமசவென்று ஒரு மேகம். புகைப்படக் கலையின் முன்னோடி நியெப்ஸ் 1826 வாக்கில் தன் ஜன்னலிலிருந்து எடுத்த படத்தில் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் வெயில் இருக்கும். அத்தனை நீளமான எக்ஸ்போஷர், அதற்குள் சூரியன் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டது. அவருக்கு வேறு வழியில்லை. நான் செய்தது வெறும் வித்தை. அழித்துவிட்டேன்.

மார்ச் 22
எல்லாப் படங்களையும் வரிசையாகத் திரையில் போட்டுப் பார்த்தோம். "ஏன் எல்லாத்துலயும் நாற்காலியை வெட்டியிருக்கே?" என்றாள் அக்கா. வலது ஓரத்தில் கைப்பிடியின் நுனி மட்டும், ஒவ்வொன்றிலும். என் விதிகளில் அப்படி எதுவும் இல்லை. முதல் நாளிலிருந்தே அப்படித்தான் ஃபிரேம் வைத்திருக்கிறேன்.

மார்ச் 23
இன்னும் அகலமாகப் பிடிக்கும் 35 எம்எம் லென்ஸை மாட்டினேன். முழு நாற்காலியும் இருக்கிறது. முதுகு சாய்த்துச் சாய்த்துத் துணி வெளுத்த இடமும்.

மார்ச் 25
இன்னும் இரண்டு விரல். கால் அரிக்கிறது.

மார்ச் 27
4:02. மேகமில்லை. அக்காவும் வந்து உட்கார்ந்துவிட்டாள்.