நாலரை லட்சம் கிலோமீட்டர்

நேற்று ஒட்டன்சத்திரம் மார்க்கெட் வாசலில் எங்கள் பொலேரோ பிக்கப்பின் மீட்டர் 4,50,000-ஐத் தொட்டது. 2012-இல் அப்பா வாங்கிய வண்டி. கிளட்ச் மூன்று முறை மாற்றியாச்சு, பிரேக் கட்டைகளுக்குக் கணக்கே இல்லை. ஆனால் அந்த 2523 சிசி டீசல் இன்ஜினை இதுவரை ஒருமுறைகூடப் பிரித்ததில்லை!

மார்கழிக் குளிரில், விடியற்காலை மூன்று மணிக்கும் ஒரே செல்ஃபில் எடுத்துவிடும். ஆயில் எரிந்து வரும் நீலப்புகை கிடையாது. தக்காளி முழு லோடு ஏற்றினாலும் மேட்டில் திணறாது.

எல்லாம் அப்பா போட்ட பழக்கம். 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில், கூடவே ஃபில்டர். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றவே விடமாட்டார். உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும், அப்புறம் இன்ஜின் சூடேறி, அதன் தலைப்பகுதிக்கு அடியில் கசியாமல் அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விடும் என்பார். கூலன்ட் மட்டும்தான்.

இன்று காலையும் டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்தேன். ஆயில் மேல்கோட்டிலேயே நிற்கிறது. அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.